நான்கு பேர், மூன்று நாள், ஒரு பாரிஸ்: மாணவர் கேள்விகளும் பதில்களும்

ஜெர்மனியின் ஆஹன் நகரில் முதுகலை படித்த காலத்தில் நான் ஐந்து முறை பாரிஸுக்குப் போயிருக்கிறேன். அவற்றில் நான்கு, கையைக் கடிக்கும் கணக்கோடு நண்பர்களுடன் போனவை. இப்போது படிக்க வந்திருக்கும் இளையவர்கள் அந்தப் பயணங்களைப் பற்றிக் கேட்டவற்றுள் பலருக்கும் பொதுவான கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (முதல் பருவ மாணவி, ஆஹன்): அக்கா, நாங்கள் நான்கு பேர் மார்ச் மாதத்தில் மூன்று பகலும் இரண்டு இரவும் பாரிஸில் இருக்கத் திட்டமிட்டிருக்கிறோம். ஒருவருக்கு 150 யூரோ போதுமா?

போதாது. எந்த இடத்தில் போதாமற்போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் திட்டத்தை நீங்களே திருத்திக்கொள்ளலாம். நாங்களும் 150 என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்பினோம். திரும்பி வந்து கூட்டிப் பார்த்தபோது ஒருவருக்கு 206 யூரோ ஆகியிருந்தது. போக வரப் பேருந்துக்கு 46 யூரோ. அது நினைத்தபடியே இருந்தது. விடுதிக்கு 56 என்று குறித்திருந்தோம். இரண்டு இரவுக்கான நகர வரியும், வார இறுதிக்கு ஏறிய விலையும் சேர்ந்து 74 ஆயிற்று. மெட்ரோவுக்குப் பத்து யூரோ போதும், மற்றபடி நடந்துவிடலாம் என்ற வீரம் இரண்டாம் நாள் மதியமே தளர்ந்துபோக, அது 20 ஆனது. சாப்பாட்டுக்கு 30 என்பது 52 ஆனது. பசித்த வயிறும் குளிரும் சேர்ந்தால் எந்தப் பட்டியலும் நிற்காது. கணக்கிலேயே இல்லாத 14 யூரோ, பெட்டி வைக்கும் லாக்கர், கட்டணக் கழிப்பறை, மழைக்கு அவசரமாக வாங்கிய குடை என்று போயிற்று.

பிளாக்டு அக்கவுண்டிலிருந்து (ஜெர்மன் மாணவர் விசாவுக்காக முன்பணம் போட்டு, மாதந்தோறும் குறித்த தொகை மட்டும் எடுக்கும் வங்கிக் கணக்கு) மாதம் 992 யூரோ மட்டும் எடுக்க முடிகிற ஒருவருக்கு, அதில் ஐந்தில் ஒரு பங்கு மூன்றே நாளில் கரைவது சிறிய செய்தி அன்று. ஆகவே 210 என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். 150 என்று சொல்லி நண்பரை இழுத்துப் போய், அங்கே அவர் பணப்பையைத் திறக்கத் தயங்குவதைப் பார்ப்பதைவிட அது நல்லது.

கேள்வி (புடாபெஸ்ட்டில் படிக்கும் மாணவர்): பாரிஸுக்கு 20 யூரோவில் விமான டிக்கெட் காட்டுகிறது. உடனே வாங்கிவிடலாமா?

டிக்கெட்டில் எழுதியிருக்கும் விமான நிலையத்தின் பெயரை முதலில் படியுங்கள். ‘பாரிஸ் போவே’ என்று இருந்தால், அது பாரிஸுக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. நகருக்குள் வருவதற்குப் பேருந்துக்கு ஒரு வழிக்கே 15 யூரோவுக்கு மேல் ஆவதோடு, ஒன்றேகால் மணி நேரமும் போகும். காலை ஆறு மணி விமானத்தைப் பிடிக்க வேண்டுமானால் எத்தனை மணிக்கு விடுதியை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதையும், அந்த நேரத்தில் மெட்ரோ ஓடுமா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மலிவு டிக்கெட்டின் மிச்சத்தை நீங்கள் உறக்கமாகவும் நேரமாகவும் கட்டுகிறீர்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. சில மலிவு விமான நிறுவனங்கள், ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்கள் தங்கள் கடவுச்சீட்டையும் விசாவையும் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே விமான நிலைய முகப்பில் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதித்திருக்கின்றன. கைபேசியில் செக்-இன் முடிந்துவிட்டது என்று நேராக உள்ளே போன எங்கள் நண்பர் ஒருவர் விமான வாயிலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, முகப்புக்கு ஓடிப்போய் வந்தார். கதவு மூட நான்கு நிமிடம் இருந்தது.

கேள்வி (ஆஹன்): என் வசிப்புரிமை அட்டை இன்னும் வரவில்லை. விண்ணப்பித்ததற்கான தாள் மட்டும் இருக்கிறது. ஷெங்கன் நாடு என்பதால் போகலாம்தானே? இங்கிலாந்தில் படிக்கும் என் தோழியும் எங்களோடு சேர விரும்புகிறாள்.

நீங்கள் வந்த தேசிய விசா இன்னும் காலாவதியாகாமல் இருந்தால், அதையும் கடவுச்சீட்டையும் வைத்துக்கொண்டு போகலாம். ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனையைப் பொதுவாக நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டு; செல்லுபடியாகும் ஜெர்மன் விசாவோ அட்டையோ உள்ளவர் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் தங்கலாம். விசா முடிந்து இடைக்காலத் தாள் மட்டும் கையில் இருந்தால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவாகாமல் கிளம்பாதீர்கள். எல்லையில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சீனியர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. பேருந்தில் காவலர்கள் ஏறி வரிசையாகக் கடவுச்சீட்டு கேட்டதை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

தோழியின் நிலை வேறு. பிரிட்டன் மாணவர் விசா ஷெங்கன் பகுதிக்குள் வர உதவாது. அவர் தனியாக ஷெங்கன் விசா வாங்க வேண்டும். 2024 ஜூன் முதல் அதற்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதற்குக் காத்திருப்பு தனி. ஒருவருடைய விசா வருமுன் மற்ற மூவரும் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டுகளை வாங்கிவிடுவது, நட்பு கெடுவதற்கு நான் கண்ட மிக எளிய வழி.

ஜெர்மன் அரசுக் காப்பீட்டில் இருந்தால் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்பக்கமே ஐரோப்பிய மருத்துவ அட்டை, பிரான்சிலும் அவசரத்துக்குச் செல்லும்.

கேள்வி (டார்ம்ஸ்டாட்): லூவர் அருங்காட்சியகம் மாணவர்களுக்கு இலவசம் என்கிறார்களே? மோனா லிசாவைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஏமாற்றமாக இருந்தது என்றும் சொல்கிறார்கள்.

மாணவர் என்பதற்காக இலவசம் அன்று. 26 வயது நிரம்பாதவராகவும், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் (ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைனும்) வசிப்பவராகவும் இருந்தால் இலவசம். வசிப்புரிமை அட்டையை வாயிலில் காட்ட வேண்டும். சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு முதுகலைக்கு வந்தவர்கள் பலர் 26ஐத் தாண்டியிருப்பார்கள்; மாணவர் அட்டையை நீட்டினால் புன்னகையோடு பணம் கேட்பார்கள். முன் கேள்வியில் வந்த இங்கிலாந்துத் தோழிக்கு இந்தச் சலுகை கிடைக்காது: 2026 ஜனவரி முதல் அந்தப் பகுதிக்கு வெளியிலிருந்து வரும் வயது வந்தோருக்குக் கட்டணம் 32 யூரோ. இலவசமாக நுழைபவரும் நாளும் நேரமும் முன்பதிவு செய்துகொள்வதே பாதுகாப்பு. செவ்வாய்க்கிழமை லூவர் மூடியிருக்கும். தெரியாமல் போய்க் கண்ணாடிப் பிரமிடின் முன் நின்று படம் மட்டும் எடுத்துத் திரும்புபவர்கள் வாரந்தோறும் இருப்பார்கள்.

மோனா லிசா 77க்கு 53 சென்டிமீட்டர் அளவுள்ள பலகை. அதைக் குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால், இருநூறு கைபேசிகளுக்கு மேலாக, சில விநாடிகள் பார்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்தே போனால் ஏமாற்றம் இராது. அந்த அறையில் எல்லாரும் முதுகைக் காட்டி நிற்கும் எதிர்ச் சுவரில் வெரோனேசே வரைந்த ‘கானாவூர்த் திருமணம்’ இருக்கிறது. ஏறத்தாழப் பத்து மீட்டர் அகலம், அந்த அருங்காட்சியகத்திலேயே மிகப் பெரிய ஓவியம். எங்கள் நால்வரில் வரலாற்றில் நாட்டமே இல்லாத ஒருவர் அதன் முன் இருபது நிமிடம் நின்று, விருந்தில் எத்தனை நாய்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தார். புதனும் வெள்ளியும் இரவு ஒன்பது வரை திறந்திருப்பதால், வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேல் நுழைவதை நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி (கொலோன்): இரவுப் பேருந்தில் போனால் ஓர் இரவு விடுதிச் செலவு மிச்சம். நல்ல யோசனைதானே?

தாளில் நல்ல யோசனை. காலை ஆறு மணிக்கு பாரிஸின் பெர்சி பேருந்து நிலையத்தில் இறங்குவீர்கள். விடுதியில் அறை பெரும்பாலும் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இடைப்பட்ட ஒன்பது மணி நேரம் தூங்காத கண்ணோடும் துலக்காத பல்லோடும் பாரிஸைப் பார்ப்பீர்கள். என் முதல் பயணத்தில் நாங்கள் துய்லரி தோட்டத்தின் பச்சை நாற்காலிகளில் பிப்ரவரிக் குளிரில் உட்கார்ந்தபடியே உறங்கிப்போனோம். அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் எங்கள் முகம் கடத்தப்பட்டவர்களின் முகம்போல இருக்கிறது. இப்படிப் போவதானால், திரும்பும்போது மட்டும் இரவுப் பேருந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதியைப் பொறுத்தவரை, பத்து யூரோ குறைவு என்று நகருக்கு வெளியே எடுக்காதீர்கள். கடைசி ரயிலைப் பிடிக்க இரவு பதினொரு மணிக்கே ஓட வேண்டியிருக்கும். தவறவிட்டால் டாக்சி அந்தப் பத்தையும் அதற்கு மேலும் விழுங்கும். படுக்கை வாடகைக்கு எடுக்கும் விடுதிகளில் பெட்டகத்துக்குப் பெரும்பாலும் பூட்டு தர மாட்டார்கள். இரண்டு யூரோ பூட்டு ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

கேள்வி (ஆஹன்): மெட்ரோவுக்கு வாரப் பயணச்சீட்டு லாபமா?

வெள்ளி முதல் ஞாயிறு வரை போகிறவருக்கு இல்லை. பாரிஸ் போக்குவரத்து அட்டையான நவிகோவின் வாரச் சீட்டு திங்களில் தொடங்கி ஞாயிற்றில் முடியும். எந்த நாளில் வாங்கினாலும் ஏழு நாள் என்று நினைத்து ஏமாறாதீர்கள். 2025 ஜனவரியில் ஒற்றை மெட்ரோப் பயணத்தின் விலை 2.50 யூரோ ஆயிற்று. அதன்பின் சிறிது ஏறியிருக்கிறது. அதை ஏற்றிக்கொள்ளும் அட்டைக்கு இரண்டு யூரோ தனி. ஒரே அட்டையை நால்வர் ஒன்றாகப் பயன்படுத்த முடியாது.

கேள்வி (கெம்னிட்ஸ்): நான் சுத்த சைவம். மூன்று நாளும் ரொட்டிதானா?

ரொட்டியைக் குறைவாக எண்ண வேண்டாம். ஒரு யூரோவுக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கும் சூடான பகெத்தும், பல்பொருள் அங்காடியில் வாங்கிய பாலாடைக்கட்டியும் தக்காளியும் சேர்ந்தால், சேன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிட அதைவிட நல்ல மதிய உணவு எனக்குத் தெரியாது. உணவகத்தில் உட்கார்ந்தால் ‘காராஃப் தோ’ என்று கேளுங்கள். சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும். வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் பாட்டிலைத் திறந்து வைத்துவிடுவார்கள்.

இரவுக்கு கார் து நோர் நிலையத்திலிருந்து நடந்து லா ஷப்பேல் பகுதிக்குப் போங்கள். போரினால் 1980கள் முதல் அங்கே வந்து குடியேறிய ஈழத்தமிழர்களின் கடைத்தெரு அது. பெயர்ப் பலகைகள் தமிழில் இருக்கும், தோசை, இடியாப்பம், வடை, கொத்து ரொட்டி எல்லாம் உண்டு. அங்கே காய்கறியை மரக்கறி என்பார்கள். ‘சைவச் சாப்பாடு இருக்கிறதா’ என்று கேட்டால் தெளிவாகப் புரியும். அருகிலேயே 1985இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆகஸ்ட் இறுதியை ஒட்டி அதன் தேர் அந்தத் தெருக்களில் ஓடும். ஈஃபிலைப் பார்க்கப் போன நான் அந்தத் தெருவில் ஒரு தேநீர்க் கடையில் முழு மாலையையும் கழித்த நாள் ஒன்றுண்டு. கடைக்காரர் ‘எந்த இடம், பிள்ளை?’ என்று கேட்ட பிறகு எழுந்து போக மனம் வரவில்லை.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): பயணம் முடிந்து வந்ததிலிருந்து நாங்கள் நால்வரும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. என்ன தவறு செய்தோம்?

நீங்கள் எழுதியிருந்த விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் பகுதி நேர வேலை பார்க்கிறார், மாலைதோறும் கஃபேயில் உட்கார ஆசைப்பட்டார்; ஒருவர் கல்விக் கடனில் வந்தவர், ஒவ்வொரு ரசீதையும் படித்தார்; ஒருவர் படம் எடுப்பதற்காகவே வந்தார்; நீங்கள் பட்டியலில் உள்ள பதினான்கு இடங்களையும் முடிக்கத் துடித்தீர்கள். நால்வரும் நான்கு பாரிஸுக்குப் போனீர்கள், ஆனால் விடுதி அறை ஒன்றுதான் என்பதால் ஒரே பயணம் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

எங்களுக்கும் இது நடந்தது. மூன்றாம் பயணத்துக்கு முன் சமையலறையில் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் எதைப் பார்க்காமல் திரும்பினால் வருந்துவார் என்று ஒரே ஓர் இடம் சொல்லச் செய்தோம். நான்கு இடங்கள் வந்தன. அவற்றுக்கு மட்டும் எல்லாரும் சேர்ந்து போவது, மற்ற நேரத்தில் பிரிந்துபோக யாருக்கும் முழு உரிமை, அதற்கு முகம் சுளிக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். பணத்துக்கு ஒரு பொதுப் பை வைத்து, ஆளுக்கு 40 யூரோ முதல் நாளே போட்டுவிட்டோம். தண்ணீர், லாக்கர், சேர்ந்து சாப்பிடும் இரவு உணவு எல்லாம் அதிலிருந்து. செயலியில் ஒவ்வொரு காப்பியையும் பதிவு செய்து நான்காகப் பிரித்த இரண்டாம் பயணத்தில், 1.80 யூரோவுக்காக ஒரு வாரம் குறுஞ்செய்தி ஓடியது. செயலியைக் குறை சொல்லவில்லை; ஒரு ஹோட்டல் பில்லுக்கு அது சரி.

உங்கள் நால்வரில் கல்விக் கடனில் வந்தவரிடம் நீங்களே முதலில் பேசுங்கள். கணக்கைப் பேச வேண்டாம். பதினான்கு இடத்துக்கும் அவரை இழுத்தடித்தது பற்றிப் பேசுங்கள்.

கேள்வி (டார்ம்ஸ்டாட்): மோசடிக்காரர்கள் நிறைய என்கிறார்களே?

சாக்ரே-கேர் தேவாலயப் படிக்கட்டருகே மணிக்கட்டில் நூல் கட்ட வருபவர்கள், கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுபவர்கள், குவளைக்குள் பந்து எங்கே என்று ஆட்டம் நடத்துபவர்கள்: மூவரிடமும் நிற்காமல் நடப்பதே வழி. அந்த ஆட்டத்தில் ஜெயிப்பவராகத் தெரிபவரும் அவர்கள் ஆளே. கடவுச்சீட்டை உள்பையிலும் அதன் நகலைக் கைபேசியிலும் வையுங்கள்.

கேள்வி (முதல் பருவ மாணவி, ஆஹன்): ஈஃபில் கோபுரத்தில் ஏறப் பணமில்லை. கீழிருந்து பார்த்தால் போதுமா?

போதும் என்பதே என் எண்ணம். மேலே ஏறினால் தெரியும் பாரிஸில் ஈஃபில் கோபுரம் மட்டும் இருக்காது. ஏறியே ஆக வேண்டுமானால் இரண்டாம் தளம் வரை 674 படிகள் உண்டு. படி வழிச் சீட்டு லிஃப்டைவிட மலிவு. இல்லாவிட்டால் இருட்டிய பிறகு எதிர்க்கரையில் உள்ள த்ரோகதேரோ மேடைக்கு, மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள். ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுவதும் மின்னும். மார்ச்சின் கடைசி ஞாயிற்றுக்கு முன் எட்டு மணிக்கே அது கிடைத்துவிடும். ஜூனில் பத்து மணி வரை சூரியன் மறையாது என்பதால் விடுதிக்குத் திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். முதல் முறை பார்க்கும்போது நால்வரில் ஒருவராவது காணொளி எடுப்பதிலேயே ஐந்து நிமிடத்தையும் செலவழித்துவிடுவார். அவருக்காக அடுத்த மணி வரை காத்திருங்கள். கையில் சூடாக ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள், அந்த மேடையில் காற்று அதிகம்.