ஏசிஜி-யில் தொடங்கும் மரபணு: உங்கள் பிசிஆர் பிழை இல்லை

அரபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் பசுங்கணிகத்தில் (ஒளிச்சேர்க்கை நடக்கும் செல் உறுப்பு) உள்ள என்டிஎச்டி மரபணு ஏசிஜி என்று தொடங்குகிறது, இலையிலிருந்து எடுத்த சிடிஎன்ஏவிலோ (ஆர்என்ஏவைப் பார்த்து எழுதிய டிஎன்ஏ நகல்) அந்த சி இருக்கும் இடத்தில் வரிசையறிதல் வரைபடத்தில் சி, டி இரண்டு முகடுகளும் சேர்ந்தே வருகின்றன, மூன்று முறை செய்தும் மாறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தத் தரவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்!

இது ஆர்என்ஏ திருத்தம். ஆர்என்ஏ படியெடுக்கப்பட்ட பிறகு, அந்த சி யு-வாக மாற்றப்படுகிறது. ஏசிஜி ஏயுஜி ஆகிறது, அப்போதுதான் புரதம் எழுதத் தொடங்குவதற்கான முறையான தொடக்கக் குறி கிடைக்கிறது. ஆர்என்ஏவின் யு, சிடிஎன்ஏவில் டி-யாகத் தெரியும். இடத்தை அடையாளம் காண்பது சிஆர்ஆர்4 என்ற புரதம் (2005-இல் கண்டறிந்தார்கள்). ஆர்என்ஏவில் குறிப்பிட்ட வரிசையைப் பிடிக்கும் பிபிஆர் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. உட்கருவில் உள்ள மரபணு தரும் புரதம், பசுங்கணிகத்தின் ஒற்றை எழுத்தைத் தேடிப் போய்ப் பிடிக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது. இலையில் இந்தத் திருத்தம் எல்லா ஆர்என்ஏ நகல்களிலும் நடப்பதில்லை, அதனால்தான் இரட்டை முகடு.

ஆனாலும் ஒன்றைச் சரிபாருங்கள். மாதிரியில் டிஎன்ஏ மிச்சமிருந்தால் அதுவும் சி முகட்டைத் தரும். டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதியைப் போட்டுவிட்டு, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவிலிருந்து சிடிஎன்ஏ எழுதும் நொதி) சேர்க்காத குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுங்கள். சிடிஎன்ஏ எழுத ஒலிகோ டிடி பிரைமர் வேண்டாம். அது ஆர்என்ஏவின் பாலி-ஏ வாலில் (ஏ எழுத்துகளின் தொடர்) ஒட்டுவது; பசுங்கணிகத்தில் அந்த வால் சிதைவுக்கான அடையாளம். ரேண்டம் பிரைமரோ மரபணுவுக்கே உரிய பிரைமரோ போதும்.