எந்த வாசகருக்கு எந்தப் புத்தகம்? புத்தகக் கடைக்காரர்கள் பதில்கள்

கேள்வி: மகளுக்கு 9 வயது, ஆங்கில வழிப் பள்ளி. வீட்டில் தமிழ்தான் பேசுகிறாள். ஆனால் தமிழ்ப் புத்தகம் கொடுத்தால் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுகிறாள். என்ன வாங்கலாம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வயதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள், அவள் எவ்வளவு தூரம் தடுக்காமல் படிக்கிறாள் என்பதைப் பாருங்கள். கடையிலேயே புத்தகத்தின் நடுப்பக்கம் ஒன்றை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். ஆறு மாதம் கழித்து வாங்கிக்கொள்ளலாம்.

அவளுக்குத் தடுக்குவது பெரும்பாலும் பொருள் தெரியாததால் அல்ல. ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்று தினமும் காதில் விழுகிற சொல்தான், ஆனால் அச்சில் அது 14 எழுத்து. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். ஆகவே வாக்கியம் நான்கைந்து சொல்லில் முடிகிற, எழுத்து பெரிதாக உள்ள, சொற்களைப் பிரித்து அச்சிட்ட புத்தகமாகத் தேடுங்கள். பிரதம் புக்ஸ் வெளியீடுகளில் நிலை 1 முதல் 4 வரை குறித்திருப்பார்கள். 9 வயதுதானே என்று மூன்றில் தொடங்காதீர்கள். ஒன்றில் பத்துப் புத்தகம் கடகடவென்று முடிக்கட்டும். ‘முழுசா முடிச்சிட்டேன்’ என்ற சந்தோஷம்தான் அடுத்த புத்தகத்தை எடுக்க வைக்கும். அவர்களுடைய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகவே படிக்கலாம். வாங்குவதற்கு முன் அவளுடைய நிலையைக் கண்டுபிடிக்க அது போதும்.

தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் படப் புத்தகங்கள் அழகானவைதாம். ஆனால் உங்கள் மகள் ஆங்கில வரியைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவாள். அந்த வரியை ஒரு காகிதப் பட்டையால் மறைத்துக் கொடுங்கள்.

இதோடு ஒரு புத்தகத்தை நீங்கள் படித்துக் காட்டுங்கள்: ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானில் 1981-ல் டெட்சுகோ குரோயநாகி எழுதியது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. பழைய ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கும் பள்ளி என்றாலே எந்தக் குழந்தையும் நிமிர்ந்து உட்காரும்! அத்தியாயங்கள் சின்னவை. நீங்கள் படியுங்கள், கடைசிப் பத்தியை மட்டும் அவளிடம் விடுங்கள். ஒரு வாரத்தில் அவளே ஒரு பக்கம் கேட்பாள்.

கேள்வி: படம் பார்த்த உற்சாகத்தில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் வாங்கினேன். முதல் பாகத்தில் 60 பக்கத்தோடு நின்றுவிட்டது. சுருக்கப் பதிப்பு வாங்கலாமா?
– 11-ம் வகுப்பு மாணவர், விருதுநகர்

பதில்: வேண்டாம் தம்பி. சுருக்கத்தில் கதை மிஞ்சும். வந்தியத்தேவன் வாய்த்துடுக்கு போய்விடும். அதற்காகத்தானே படிக்கிறோம்?

இது 1950 முதல் ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வந்த தொடர். ஒவ்வோர் அத்தியாயமும் சிறியது, முடிகிற இடத்தில் ஒரு முடிச்சு இருக்கும். ஒரே மூச்சில் 60 பக்கம் போனால் பெயர்கள் குழம்பும். ஐந்து பாகத்துக்கும் 293 அத்தியாயங்கள். தினம் இரண்டு என்றால் ஐந்து மாதத்தில் முடியும். ஓர் அட்டையில் மூன்று கட்டம் போட்டு சோழர் குடும்பம், பழுவேட்டரையர் பக்கம், பாண்டிய ஆபத்துதவிகள் என்று பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் பாகம்தான் மிகப் பெரியது, 91 அத்தியாயம். தேர்வு நேரத்தில் அதைத் தொடங்காதீர்கள்.

அப்படியும் ஓடவில்லையென்றால் ‘பார்த்திபன் கனவு’ படியுங்கள். அதே கல்கி, ஒரே புத்தகம், ஆட்கள் குறைவு.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. கண்புரை அறுவை செய்திருக்கிறது. முன்பு நிறையப் படித்தவர். தி.ஜானகிராமன் சிறுகதைகள் முழுத்தொகுப்பு வாங்கலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஜானகிராமன் சரி, முழுத்தொகுப்புதான் சரியில்லை. சாய்வு நாற்காலியில் அந்தக் கனத்தைப் பத்து நிமிடம் பிடிக்க முடியாது, மணிக்கட்டு வலிக்கும். தேர்ந்தெடுத்த கதைகளாக 200 பக்கத்துக்குள் ஒன்று வாங்குங்கள். பளபளப்பான வெள்ளைத் தாள் விளக்கொளியில் கண்ணைக் கூசும். மங்கலான பழுப்பு நிறத் தாள் நல்லது. நாளிதழ் எழுத்தைவிடக் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற எழுத்தாகப் பாருங்கள்.

கும்பகோணத்துக்காரர் என்றால் எங்கள் முதல் பரிந்துரை உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. பெரிய புத்தகம்தான், மேசையில் வைத்துப் படிக்க வேண்டும். ஆனால் ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வந்த 122 சிறு அத்தியாயங்கள் என்பதால் எங்கே நிறுத்தினாலும் நூல் அறுந்துபோகாது. தொடக்கத்து ஊர்க்கதை மெதுவாகப் போகிறது என்றால், மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கப் போகும் இடத்திலிருந்து தொடங்கட்டும். கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் ‘சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்கும் பகுதி வரும்போது உங்களைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டுவார், பாருங்கள்.

கேள்வி: கல்லூரி முடித்துவிட்டேன். பாடப்புத்தகம் தவிர எதுவும் படித்ததில்லை. முதல் நாவல்?
– வாசகர், சேலம்

பதில்: பூமணியின் ‘வெக்கை’. கொலை செய்துவிட்டு ஓடும் பதினைந்து வயதுப் பையன் முதல் பக்கத்திலேயே உங்களை இழுத்துக்கொண்டு ஓடுவான். கரிசல் பேச்சு முதல் பத்துப் பக்கம் தடுக்கும். உரையாடலை வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். இந்த நாவலைத் தழுவிய ‘அசுரன்’ படம் பார்த்திருந்தாலும் படியுங்கள், இதன் அமைதி வேறு. அடுத்தது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சின்ன நாவல், சின்ன வாக்கியங்கள்; அதைப் படித்தபின் குழாயடியைப் பழையபடி கடந்துபோக முடியாது.

கேள்வி: எட்டாவது படிக்கும் தங்கை எந்நேரமும் பறவை பார்க்கிறாள்.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இயற்கையியலாளர் மா.கிருஷ்ணன் எழுதிய கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’. வேறு யோசனையே வேண்டாம்.

கேள்வி: புத்தகக் கண்காட்சியில் வாங்கியதில் நடுவில் 16 பக்கம் காணோம். எப்படித் தவிர்ப்பது?
– வாசகர், வேலூர்

பதில்: புத்தகம் பெரும்பாலும் பதினாறு பக்கப் பாரங்களாக (ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) அச்சாகி, மடித்து, அடுக்கிக் கட்டப்படுகிறது. அடுக்கும்போது ஒரு பாரம் விடுபடும், அல்லது ஒன்றே இரண்டு முறை சேரும். பணம் கொடுக்கும் முன் பக்க எண்ணை 16, 32, 48 என்று தாவித் தாவிப் பார்த்துவிடுங்கள். 300 பக்கப் புத்தகத்துக்கு ஒரு நிமிடம் ஆகும். நடுவில் விரித்து முதுகையும் பாருங்கள். நூல் தெரிந்தால் தைத்த கட்டு, பல வருடம் தாங்கும். வெறும் பசையென்றால் அழுத்தி விரிக்காதீர்கள், தாள் உதிரும். ரசீதைப் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள். பாரம் குறைந்த பிரதியைப் பதிப்பாளர்கள் பொதுவாக மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள்.