ஒரே தகவலைப் பல கட்டுரைகளில் படித்தால் நம்பத் தோன்றுவது ஏன்?

இதை உளவியலில் ‘மாய உண்மை விளைவு’ என்கிறார்கள். முன்பே படித்த ஒரு கூற்று, பொய்யாகவே இருந்தாலும், மறுமுறை படிக்கும்போது இன்னும் கொஞ்சம் உண்மையாகத் தோன்றும். 1977இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில் இது முதலில் தெரியவந்தது.

பழகியதைப் படிக்க மூளைக்குச் சிரமம் குறைவு. அந்தச் சுலபத்தையே ‘சரிதான்’ என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். ஆள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை மாதிரி: பாதை தெளிவாக இருக்கிறது, சரி, அது நம் ஊருக்குத்தான் போகிறதா?

அஜினோமோட்டோவையே பாருங்கள். சீன உணவகத்தில் சாப்பிட்டால் பின்கழுத்து மரத்துப்போகிறது என்று 1968இல் ஒரு மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சோயா சாஸ், சமையல் ஒயின், அஜினோமோட்டோ என்று பல ஊகங்கள் அதில் இருந்தன. பத்திரிகைகள் கடைசியதைப் பிடித்துக்கொண்டன. இன்று நம்மூர் ஓட்டல்களிலும் ‘அஜினோமோட்டோ சேர்ப்பதில்லை’ என்று பலகை! தக்காளியில் இயல்பாகவே இருக்கும் குளூட்டமேட் என்ற சுவைப்பொருள்தான் அஜினோமோட்டோவிலும் இருக்கிறது. ஆனாலும் பலகையைப் பார்த்துத்தான் உள்ளே போகிறோம்.

அப்புறம், விஷயம் தெரிந்தவர்கள் இதில் சிக்க மாட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; சரியான விடை தெரிந்தவர்களிடமும் இதே விளைவு இருப்பதை 2015இல் வெளியான ஆய்வு காட்டியது.