சாட்சி, சாட்சியம், கரி: வக்கீல் குமாஸ்தா பதில்கள்

(ஈரோட்டில் 32 வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.)

கோபி: சாட்சியும் சாட்சியமும் ஒன்றுதானுங்களா?

இல்லைங்க. சாட்சி ஆள். கூண்டில் ஏறி அவர் சொல்வது சாட்சியம். போலீஸ் எழுதிக்கொள்வது வாக்குமூலம். அது மட்டும் சாட்சியம் ஆகாது. அதே ஆள் கோர்ட்டில் சத்தியம் செய்து சொல்லி, குறுக்கு விசாரணைக்கும் நிற்க வேண்டும்.

பெருந்துறை: உயிலுக்கு எத்தனை சாட்சிங்க?

குறைந்தது இரண்டு. எழுதியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 'என் கையெழுத்துதான்' என்று அவர் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் அவர் கண்முன்னே இவர்களும் போட வேண்டும். ஒரு வழக்கில் பெரியவர் ஒருவர் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார்: "மறுநாள் பையன் தாளை எங்க களத்துக்கே கொண்டாந்தானுங்க. கடலை காயப் போட்டுட்டு இருந்தேன், கையைத் துடைச்சுட்டுப் போட்டேன்." உயில் நிற்கவில்லை. பார்க்காததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

காங்கேயம்: சாட்சி வடசொல்லாச்சே, தமிழில் சொல் இல்லையா?

இருக்கிறது: கரி. 'இந்திரனே சாலுங் கரி' (இந்திரனே போதுமான சாட்சி) என்கிறது குறள். பொய்ச்சாட்சி சொல்பவர் சிலப்பதிகாரத்தில் பொய்க்கரியாளர். நாற்சந்தியில் இருக்கும் சதுக்கப்பூதம் பிடித்துத் தின்னும் கூட்டத்தில் அவரும் உண்டு.

தாராபுரம்: கரி என்றால் அடுப்புக்கரிதானே? யாருக்குப் புரியும்?

இன்று புரியாதுதான். சம்மன் தாளில் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் சொல் போனாலும் நினைப்பு போகக் கூடாது. குறுந்தொகையில் கபிலரின் தலைவி, தலைவன் என்னோடு கூடிய அன்று யாருமே இல்லை, ஆரல் மீன் பார்த்து நின்ற குருகுதான் (நாரைதான்) இருந்தது என்கிறாள். பார்த்தது பேசாது. சாட்சியில்லாதவள் தவிப்பை இதைவிட எப்படிச் சொல்வது?

பல்லடம்: உயிலுக்கு எத்தனை சாட்சி?

மேலே சொல்லியாச்சுங்க.

அவிநாசி: வழக்கு ஜெயிக்க எத்தனை பேர் வேணும்?

இத்தனை பேர் என்று கணக்கில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமும் (புதிய சாட்சியச் சட்டம்) அதைத்தான் சொல்கிறது. நம்பும்படி ஒருவர் போதும்.

திருப்பூர்: சர்ச்சில் சாட்சி சொல்வது?

தேவன் தனக்குச் செய்ததைச் சபைமுன் சொல்வது. மேற்கொண்டு போதகரிடம் கேளுங்கள்.

சென்னிமலை: பங்காளி உயில்ல சும்மா ஒரு கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தால் மனஸ்தாபம்.

போடாதீங்க. நாளைக்குக் கோர்ட்டில் 'பார்த்தேன்' என்று பொய் சொல்ல வேண்டி வரும். அதற்கு 7 வருடம் வரை சிறை. எழுதுபவரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். அவர் போடுவதைப் பார்த்துவிட்டு அங்கேயே நீங்களும் போடலாம்.