வல்லாரை: கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தை): ஐயா, சந்தையில கொட்டுகொல எண்டு தாறதும் எங்கட வல்லாரையும் ஒண்டுதானா? பிரமி எண்டும் சொல்லுகினம்.

பதில்: கொட்டுகொல என்பது வல்லாரையின் சிங்களப் பெயர். இலை சிறுநீரக வடிவம். காம்பு சேருமிடத்தில் ஒரு வெட்டு, ஓரமெல்லாம் மழுங்கிய பல். காம்பு குடைக்கம்பி போல இலையின் நடுவில் நின்றால் அது வேறு செடி. பிரமி விஷயம் வேறு. நீர்ப்பிரமிக்குச் சின்ன, தடித்த இலை, சிங்களத்தில் லுணுவில. வட இந்தியாவில் இரண்டையுமே பிரமி என்பதால் தூள் டப்பா வாங்கும்போது தாவரப் பெயரைப் பாருங்கள். சென்டெல்லா என்றால் வல்லாரை, பக்கோப்பா என்றால் நீர்ப்பிரமி.

கேள்வி (கொட்டாஞ்சேனை): வல்லாரையைக் கழுவ உப்புத்தண்ணியில ஊறப்போட்டால் போதுமா?

பதில்: போதாது. உப்புத்தண்ணீர் பூச்சி புழுவை இலையிலிருந்து கழற்றும், கிருமியைக் கொல்லாது. வல்லாரை ஈரநிலத்தில் தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடுவது. சேறு இருப்பது அந்த வேரிலும் காம்பின் அடியிலும். கட்டை அவிழ்க்காமல் பைப்பில் பிடிப்பதுதான் எல்லாரும் விடும் பிழை. அவிழ்த்து, வேரையும் கீழ்க்காம்பையும் வெட்டி எறிந்து, பெரிய பேசினில் அலசி, இலையை மேலே அள்ளி எடுங்கள். பேசினைச் சரித்து வடித்தால் அடியில் இறங்கிய மண் திரும்ப இலையில் ஏறிவிடும். பேசின் அடியை விரலால் தடவும்போது மண் நெருடாத வரை மூன்று நான்கு தரம், கடைசியில் ஓடும் தண்ணீரில் ஒருமுறை. கர்ப்பிணிகளுக்கும் சின்னப்பிள்ளைகளுக்கும் பச்சையாக வேண்டாம், அவித்தே கொடுங்கள்.

கால்வாய்க் கரையிலும் பெருந்தெரு ஓரத்திலும் பிடுங்கியது என்று தெரிந்தால் வாங்கவே வேண்டாம். ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இலைக்குள் ஏறிவிட்டால் எந்தக் கழுவலுக்கும் போகாது.

கேள்வி (தெமட்டகொடை): வல்லாரைச் சம்பல் அரைமணித்தியாலத்தில கறுத்துக் கசக்குது. ஏன்?

பதில்: ஒன்று, மொட்டைக் கத்தி, அது இலையை நறுக்காமல் நசுக்கும். இரண்டு, தேசிக்காயும் உப்பும் முந்திப் போடுவது. புளி பட்டால் பச்சையம் மங்கி ஒலிவ் நிறமாகும், உப்பு தண்ணீரை இழுத்துவிடும். 100 கிராம் இலைக்கு மூன்று மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, ஆறு சின்ன வெங்காயம், இரண்டு பச்சைமிளகாய் கலந்து வைத்துக்கொண்டு, இலையைத் துணியில் ஈரம் ஒற்றி மெல்லிதாக அரிந்து சேருங்கள். உப்பும் அரைத் தேசிக்காயும் சோறு போட்ட பிறகு. மாசிக்கருவாடு விருப்பமென்றால் சேர்க்கலாம்.

கேள்வி (மட்டக்குளி): எனக்கு இரத்தம் குறைவு. தினம் சம்பல் சாப்பிட்டால் ஏறுமா?

பதில்: அதை மட்டும் நம்பாதீர்கள். 100 கிராம் இலையில் ஏறத்தாழ 5 மில்லிகிராம் இரும்பு என்று வைத்தாலும், ஒரு வேளைக்கு ஒருவர் தின்பது 30 கிராம்தான், ஒன்றரை மில்லிகிராம். அதிலும் உடம்பு எடுப்பது சிறு பங்கு. தேசிக்காயின் வைட்டமின் சி அதைக் கொஞ்சம் கூட்டும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் தேயிலையின் துவர்ப்புப் பொருளான தனின் அதையும் தடுத்துவிடும். ஒரு மணித்தியாலம் பொறுங்கள். டொக்டர் தந்த இரும்புக் குளிசையை நிறுத்த வேண்டாம்.

கேள்வி (கிருலப்பனை): மகன் ஓஎல் பரீட்சை எடுக்கிறான். ஞாபகசக்திக்கு வல்லாரைக் கப்சூல் குடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வல்லாரை பற்றிய மனித ஆய்வுகளைத் திரட்டி 2017 இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அறிவாற்றல் கூடியதற்குத் தெளிவான ஆதாரம் காணவில்லை. இலையிலுள்ள ஏசியாட்டிகோசைட் என்ற பொருள் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் புரதத்தைத் தூண்டுவது, அதனால் புண் ஆறுவதற்கு உதவுவது பற்றித்தான் ஆதாரம் ஓரளவு பலம். கப்சூலிலோ செறிவாக்கிய சாறு. அப்படி எடுத்த மூன்று பெண்களுக்கு 20 முதல் 60 நாளுக்குள் மஞ்சட்காமாலையோடு ஈரல் பாதிப்பு வந்ததாக 2005 இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அரிதுதான், ஆனால் பரீட்சைக்காரப் பிள்ளைக்கு எதற்கு அந்த வம்பு? காலையில் கஞ்சி கொடுங்கள், இரவில் நித்திரை கொள்ள விடுங்கள்.

கேள்வி (அதே ஆள்): கஞ்சி வைக்கிற முறை?

பதில்: நாலு பேருக்கு அரைக் கப் சிவப்புப் பச்சையரிசி, ஒன்றேகால் லீற்றர் தண்ணீர், மூன்று பல் உள்ளி. அரிசி கரண்டியில் மசியும் வரை அவியட்டும். அடுப்பைக் குறைத்து அரைக் கப் தேங்காய்ப்பால், கடைசியாக 100 கிராம் இலையை ஒரு கப் தண்ணீரில் அடித்து வடித்த சாறு. மூடியை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் கொதித்ததும் இறக்குங்கள். மூடிவைத்து நீளக் கொதிக்கவிட்டால் பச்சை போய்ப் பழுப்பாகும். சட்டிக்குள் தேசிக்காய் பிழிந்தால் பால் திரையும். நீரிழிவுக்காரர் பனங்கட்டியைத் தொடாமல் குடிக்கலாம்.

கேள்வி (வெள்ளவத்தை): அம்மா வார்ஃபரின் எடுக்கிறா. கீரையே கூடாதெண்டு நிறுத்திப்போட்டம்.

பதில்: நிறுத்தத் தேவையில்லை. வார்ஃபரின் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்; ஆகவே முக்கியம் அளவு மாறாமை. ஒரு கிழமை ஒன்றுமில்லை, மறு கிழமை தினம் ஒரு கட்டு என்றால்தான் இரத்தப் பரிசோதனை எண் ஏறி இறங்கும். முன்பு தின்ற அளவையே கிளினிக்கில் சொல்லித் திரும்பத் தொடங்குங்கள். சிறுநீரக நோயாளர் பொட்டாசியம் காரணமாகக் கேட்டுவிட்டே தொடவேண்டும். நித்திரைக் குளிசை எடுப்பவர் கப்சூலைத் தவிர்க்கட்டும்.

கேள்வி (தெமட்டகொடை): தொடர்மாடி பல்கணியில வளருமா?

பதில்: நன்றாக. 15 சென்ரிமீற்றர் ஆழத் தட்டு, காலை வெயில் மட்டும், மண் காயக் கூடாது. வேர்விட்ட கணுவோடு ஒரு கொடித் துண்டை நட்டால் போதும். இலை சிறுத்துச் சிவந்தால் வெயில் கூடிவிட்டது. காம்பு நீண்டு சாய்ந்தால் நிழல் கூடிவிட்டது. இலையைக் காம்போடு கிள்ளுங்கள், கொடியை இழுக்காதீர்கள்.