மல்லாரியை வெட்டலாமா?

வணக்கம் ஐயா,

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் ஊர் சிவன் கோயில் பிரம்மோற்சவத்தில் வாசிக்கும் நாதஸ்வரத்தை, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மூன்று வருடமாக போனில் எடுத்து யூட்யூபில் ஏற்றி வருகிறோம். 40 நிமிட வீடியோவை யாரும் முழுதாகப் பார்ப்பதில்லை. 30 நொடி ரீல்ஸ் போட்டால் அள்ளுகிறது. இனி வெட்டிப் போட்டால் போதும் என்கிறான் ஒரு நண்பன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

ரீல்ஸ் தாராளமாகப் போடுங்கள். வெட்டிய பிறகு இடம் இல்லை என்று முழுப் பதிவை அழித்துவிடுகிறீர்களோ என்பதுதான் என் கவலை.

மல்லாரி என்பது கோயில் புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் வாசிக்கும் உருப்படி. அதற்குச் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது, பெரும்பாலும் கம்பீரநாட்டை ராகத்தில்தான் வாசிப்பார்கள். தவிலில் முதலில் வாசிக்கும் அலாரிப்பு முடிந்து சாமி புறப்படும்போது ஆரம்பித்து மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், போகும். உங்கள் ரீல்ஸில் வருவது மூன்றாம் காலமாகத்தான் இருக்கும், தவில் பறக்கும் இடம் அதுதானே. ஆனால் முதல் காலத்தை நிதானமாகக் கேட்காதவனுக்கு அந்த வேகம் வெறும் சத்தம். அபிஷேகத்துக்குத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேர் நாளில் தேர் மல்லாரி. 'செம நாதஸ்வரம்' என்று தலைப்பு வைத்த துண்டில் எது எது என்று யாருக்குத் தெரியும்?

அந்தக் காலத்து 78 ஆர்.பி.எம். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் தட்டில் இருக்கிறது, அதுவாவது கிடைத்ததே என்று கும்பிட வேண்டியதுதான். வீதியில் நின்று மணிக்கணக்கில் வாசித்த தோடி அதில் இல்லை. அவர்களுக்கு வேறு வழி கிடையாது, உங்களுக்கு என்ன வந்தது?

நானும் ஒரு தடவை சொதப்பியிருக்கிறேன். தவிலுக்குப் பக்கத்திலேயே போனைப் பிடித்துக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்க நடந்தேன். வீட்டில் போட்டுக் கேட்டால், சத்தம் அதிகமானதும் போன் தானாகவே அளவைக் குறைத்திருக்கிறது. ஒவ்வொரு தவில் அடிக்கும் நாயனம் (நாதஸ்வரம்தான்) கிணற்றுக்குள் போய்விட்டு மேலே வருகிறது. அதற்கப்புறம் பதிவு அளவைக் கையால் வைத்துக்கொள்ளும் சின்ன ரெக்கார்டர் ஒன்று வாங்கினேன். இப்போது பத்துப் பன்னிரண்டு அடி முன்னால், நாயனத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடக்கிறேன். ஒரு பையன் என் சட்டையைப் பிடித்து வழிகாட்டுவான்!

தெருமுனையில் வாசிப்பவர் நிறுத்தி, நாயனத்தில் தொங்கும் சீவாளிகளில், அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளில், ஒன்றை எடுத்து எச்சிலில் நனைத்து, பீப்பீ என்று ஊதிப் பார்ப்பாரே, அதையும் விடாதீர்கள். பத்தாம் நாள் களைத்த உதட்டுக்கு எந்தச் சீவாளி ஒத்துவருகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். கோப்பின் பெயரிலேயே வருடம், எத்தனையாம் நாள் திருவிழா, என்ன வாகனம், எந்த வீதி, வாசித்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். அவர்களைக் கேட்காமல் ஏற்றாதீர்கள், பென்டிரைவில் ஒரு நகலையும் கையில் கொடுங்கள்.

அப்புறம், அந்த மூன்று வருடக் கோப்புகளில் தளிகை மல்லாரி இருந்தால் எனக்கு முழுசாக அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், சத்தத்தைச் சுருக்கிவிடும். டிரைவ் லிங்க் போதும்.