கல்லூரி நூலகம் புத்தகம் தருவதைத் தவிர மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வேறு என்ன செய்கிறது?

மஞ்சூர்ப் பக்கத்திலிருந்து நாள்தோறும் ஊட்டிக்கு வந்து இளங்கலை இரண்டாமாண்டு படிப்பதாகவும், வகுப்பு முடிவதற்கும் ஊருக்குப் பேருந்து புறப்படுவதற்கும் இடையில் அரை மணி நேரமே கிடைப்பதாகவும், அதற்குள் நூலகத்துக்குப் போய் என்ன ஆகப்போகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீலகிரிக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவருகிறேன். உங்கள் அரை மணி நேரத்தையே அளவுகோலாக வைத்துப் பதில் சொல்கிறேன். சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. கடைசிப் பேருந்தைப் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியிருக்கும் மலை மாணவர்களுக்கு இந்த விதி மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

நூல் இரவல், நாளிதழ்கள், போட்டித் தேர்வு நூல்கள், முந்தைய பருவத் தேர்வு வினாத்தாள்களின் தொகுப்பு ஆகியவை ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு. அவை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ரேக்குகளுக்கிடையே நடந்து தேடியே அரை மணி நேரத்தையும் செலவழித்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கணினியில் இருக்கும் நூற்பட்டியலில், அதாவது நாங்கள் ஓபேக் என்று சொல்லும் பக்கத்தில், ஆசிரியர் பெயரையோ தலைப்பில் ஒரு சொல்லையோ இட்டால், நூல் இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா, எந்த எண்ணின் கீழ் அடுக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நூல்களைப் பாடவாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி (Dewey) பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணில் இருக்கும். உங்கள் பாடத்துக்குரிய எண்ணை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால், அதன் பிறகு நேராக அந்த ரேக்குக்கே போகலாம். நீங்கள் தேடும் நூலை வேறொருவர் எடுத்திருந்தால், திரும்பி வந்ததும் உங்களுக்கென்று எடுத்துவைக்கும்படி பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள். இப்படி ஒரு வசதி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது, பேருந்து ஏறிய பிறகும் உங்களோடு வரக்கூடிய நூலகம். பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களை இணைப்பதற்காகக் குஜராத்தின் காந்திநகரில் இயங்கும் இன்ஃபிலிப்நெட் மையம் 2010-இல் தொடங்கிய என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால், ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களையும் லட்சக்கணக்கான மின்னூல்களையும் வீட்டிலிருந்தே திறந்து படிக்கலாம். கல்லூரி நிர்வாகம் இத்திட்டத்துக்குக் கட்டணம் செலுத்திவிட்டால் மட்டும் இது உங்கள் கைக்கு வந்துவிடாது. மாணவர் பெயரையும் மின்னஞ்சலையும் நூலகர் பதிவேற்ற வேண்டும். அதன் பிறகே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்து சேரும். கேட்காத மாணவரின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறாமலேயே மூன்று ஆண்டுகள் கழிந்துவிடுவது உண்டு. பணம் கட்டியும் பயன்படாமல் கிடக்கும் இந்த வசதியை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிறது. அரசு நிர்வகிக்கும் கல்லூரியாக இருந்தால், 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வழியாக 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களும் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி எந்த வகையைச் சேர்ந்தது, எதில் சேர்ந்திருக்கிறது என்பதை நூலகரிடம் ஒரே கேள்வியில் தெரிந்துகொள்ளலாம்.

கடவுச்சொல் எதுவும் தேவைப்படாதவையும் இருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின் வடிவம் பொதுப் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதித்ததன் பயனாக, இன்று சோத்கங்கா தளத்தில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளையும் முழுமையாகப் படிக்க முடிகிறது. பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது; கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகத்தில் பாடநூல்கள் முதல் விரிவுரைக் காணொளிகள் வரை ஒரே இடத்தில் தேடலாம். ஒன்றைமட்டும் மலையில் வாழ்கிறவனாகச் சொல்லிவைக்கிறேன்: குந்தா, மஞ்சூர்ப் பகுதிகளில் மழைக்காலத்தில் மின்சாரமும் அலைபேசிச் சமிக்ஞையும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே கல்லூரி வளாகத்தில் இணைப்பு நன்றாக இருக்கும்போதே, அந்த வாரத்துக்குத் தேவையான கட்டுரைகளை கைப்பேசியில் தரவிறக்கிக்கொண்டு பேருந்து ஏறுங்கள். அந்த அரை மணி நேரத்துக்கு இதைவிடச் சிறந்த பயன் எனக்குத் தோன்றவில்லை.

இறுதியாண்டில் திட்டக் கட்டுரை எழுதும்போது நூலகம் வேறொரு வகையில் கைகொடுக்கும். நீலகிரியில் படிக்கிறவர்கள் பெரும்பாலும் நீலகிரியைப் பற்றியே எழுதுகிறார்கள்: தேயிலைத் தொழிலாளர், சுற்றுலா, 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையல், 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற மலை ரயில் என்று தலைப்புகள் போகின்றன. இவற்றுக்கான ஆவணங்களில் பல, நம் கல்லூரிகளின் ரேக்குகளில் இல்லாவிட்டாலும் இந்த மலையிலேயே இருக்கின்றன. முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தில் நூலகமும் அருங்காட்சியகமும் உண்டு. மண் அரிப்பு, நீர்வளம் பற்றி எழுதுகிறவர்கள் ஊட்டியில் உள்ள, இந்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வு மையத்தை அணுகலாம். தேயிலை பற்றி எழுதுகிறவர்களுக்குக் குன்னூரில் உபாசி (UPASI) என்னும் தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம் இருக்கிறது. ஊட்டி நகரின் நடுவே, ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் வடிவமைத்த கட்டடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இயங்கிவரும் நீலகிரி நூலகத்தில் காலனியக் கால நூல்கள் ஏராளமாக உள்ளன. ஆனால் அது உறுப்பினர்களுக்கான நூலகம், நேராகப் போய் உட்கார்ந்து படிக்க முடியாது. இத்தகைய இடங்களுக்கு மாணவர் ஒருவர் தனியாகப் போய் நின்றால் வாசலிலேயே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு மாறாக, இன்ன தலைப்பில் ஆய்வு செய்கிறார், இன்ன ஆவணங்களைப் பார்க்க அனுமதி தேவை என்று கல்லூரி முத்திரையோடு ஓர் அறிமுகக் கடிதம் எழுதித் தருவதும், முடிந்தால் முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவைப்பதும் நூலகரின் பணிகளில் அடங்கும். நான் எழுதித் தந்தவற்றுள் மாணவர்களுக்கு அதிகம் பயன்பட்டவை இந்தக் கடிதங்கள்தான் என்று நினைக்கிறேன். மலையிலேயே கிடைக்காத நூலுக்கு, 1988 முதல் இயங்கிவரும் டெல்நெட் போன்ற நூலகக் கூட்டமைப்பில் கல்லூரி உறுப்பாக இருந்தால், வேறு ஊர் நூலகத்திலிருந்து இரவலாக வரவழைக்கலாம். சில வாரங்கள் ஆகக்கூடும் என்பதால் முன்னதாகவே கேட்டுவிட வேண்டும்.

கேட்கத் தயங்குகிறவர்களுக்காக இரண்டு செய்திகள். பல கல்லூரிகளில் நூல் வங்கி என்று தனியே ஒன்று இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் பாடநூல்களைப் பருவம் முழுவதற்கும் தந்துவிடுவார்கள், இரண்டு வாரத்துக்கொருமுறை புதுப்பிக்க ஓடி வர வேண்டியதில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்னும் ஆறு தொல்பழங்குடிகளும் வாழும் மாவட்டம் இது. வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கு இந்த வசதியைப் பற்றி யாரும் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது. உங்கள் வகுப்பில் அப்படி யாராவது இருந்தால் நீங்களே அழைத்துவாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. மென்பொருளை விண்டோஸ் கணினிகளில் கட்டணமின்றி நிறுவலாம். 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்னும் மின்னூலகத்தில் அவர்களுக்கேற்ற வடிவில் நூல்கள் இருக்கின்றன. பதிவு செய்வதற்கு நூலகர் உதவுவார், உதவவும் வேண்டும்.

பேராசிரியர்களுக்கு என்ன என்றும் கேட்டிருப்பதால் அதையும் சொல்கிறேன். ஒரு துறைக்கு எந்த நூல்கள் வாங்க வேண்டும் என்று பரிந்துரைக்கும் பொறுப்பு அவர்களுடையது. அவர்கள் பட்டியல் தராத ஆண்டில், பாடத்திட்டம் மாறியிருந்தும் ரேக்கில் பழைய நூல்களே நிற்கும். ஆய்வு செய்கிறவர்களுக்குக் கருத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளை நூலகமே இயக்கித் தருகிறது. மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே நீக்கப்படலாம். எனவே ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு பதறுவதைவிட, இயல் இயலாக எழுதும்போதே சோதித்துக்கொள்வது நல்லது. எந்த இதழில் எழுதுவது என்பதிலும் இப்போது நூலகரின் துணை கூடுதலாகத் தேவைப்படுகிறது; தரமான ஆய்விதழ்கள் எவை என்று மானியக் குழு காட்டிவந்த யு.ஜி.சி. கேர் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டதால், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களை இனம்காணும் வேலை கல்லூரிகளின் தலையிலேயே வந்து விழுந்திருக்கிறது. துறை நூலகத்துக்கென்று எடுத்துப்போன நூல்கள் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் பூட்டிக் கிடப்பதைமட்டும் பேராசிரியர்கள் தவிர்க்க வேண்டும் என்று மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த நூலுக்காக ஒரு மாணவர் வந்து வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.

மலை நூலகத்துக்கே உரிய வேறொரு பணியும் உண்டு, வெளியே தெரியாதது. ஜூன் முதல் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும் மாறி மாறி வருவதால், காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைக் கடந்து நாள்கணக்கில் நீடிக்கும். காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்க அது போதும். அதனால்தான் ரேக்குகளைச் சுவரை ஒட்டாமல் நகர்த்தி வைக்கிறோம், வெயில் அடிக்கும் நாள்களில் சன்னல்களைத் திறந்து வைக்கிறோம், நனைந்த குடையையும் ஸ்வெட்டரையும் உள்ளே கொண்டுவர வேண்டாம் என்கிறோம். இரவல் நூலில் பூஞ்சணம் தென்பட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடாமல், தனியே ஒரு பையிலிட்டு எங்களிடம் கொண்டுவந்து கொடுங்கள். உலரவைத்துத் தூரிகையால் எடுத்துவிடலாம். மண்சரிவால் சாலை அடைபட்டுக் குறித்த நாளில் நூலைத் திருப்ப முடியாமல் போனால் அபராதத்தை எண்ணிப் பயந்து மாதக்கணக்கில் வராமல் இருந்துவிடாதீர்கள். காரணத்தைச் சொன்னால் எந்த நூலகரும் புரிந்துகொள்வார்.

நீங்கள் இரண்டாமாண்டில் இருப்பதால், இந்த வாரமே என்-லிஸ்ட் பதிவைக் கேட்டு வாங்கிவிடுங்கள். படிப்பு முடிந்து நூலகத்தில் நிலுவையில்லாச் சான்றிதழ் பெறும்போது அந்தக் கணக்கும் முடிந்துவிடும். மேற்படிப்புக்குத் தேவைப்படும் என்று தோன்றும் கட்டுரைகளை அதற்கு முன்பே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகும் எங்கள் வாசிப்பு அறையில் வந்து படிக்க விரும்பும் முன்னாள் மாணவர்களுக்குச் சிறிய வைப்புத்தொகையின் பேரில் அட்டை தருகிறோம். உங்கள் கல்லூரியிலும் அப்படி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.